ஈரக் கம்பளி

தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடித்த கையோடு அம்மாக்கண்ணு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மஸ்கெலியாப் பக்கத்து ஆடி மழை, பழைய வார்டின் தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. சுவரெங்கும் பூஞ்சணம்.

அடுப்புத் தீயில் முதுகு வெந்த மகள் பூரணி குப்புறக் கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில் அவளுடைய தொடைத்தோலைச் சீவி, முதுகில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

“தொடைத்தோலு முதுகுக்குப் போயிருச்சே, இனிமே முதுகாலயா நடப்பேன்?” என்று சிரித்தாள் பூரணி.

“வாய்க்கு மட்டும் ஒண்ணுமாகல,” என்றார் மருந்து கட்டும் கணேசமூர்த்தி. பிறகு தாயிடம் தணிந்த குரலில், “ஒட்டுன தோலு புடிச்சுக்கிச்சுன்னா புள்ள பொழைச்சுக்கும். ஈரம் படக்கூடாது. எதையும் போத்தாத,” என்றார்.

அவர் போனதும் மூடுபனி சன்னல் வழியே புகுந்தது.

“குளுருதும்மா.”

மழையானாலும் பனியானாலும் கொழுந்தெடுப்பவளுக்குக் கம்பளிதானே காப்பு? தலையிலிருந்ததை எடுத்துப் பிள்ளைமேல் போர்த்தினாள். மழைக்காலம் முழுதும் காயாத கம்பளி அது. கணேசமூர்த்தி கட்டுப் போட்டுப் போனபின் நாள்தோறும் அதையே போர்த்தினாள்.

ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது, ஒட்டிய தோலின்மேல் பூஞ்சணம் சாம்பலாய்ப் பூத்திருந்தது. தோல் கழன்று கட்டோடு வந்தது. கணேசமூர்த்தி கம்பளியை எடுத்து முகர்ந்தார். அம்மாக்கண்ணுக்குப் புரிந்துவிட்டது.

பூரணியைத் தேயிலை மலையடியில் புதைத்தபோது, கம்பளியையும் குழிக்குள் போட்டு மூடினார்கள்.

மறுநாள் அம்மாக்கண்ணு வேலைக்குப் போகவில்லை. பட்டப்பகலிலேயே மூடுபனி, தோட்டக் குடியிருப்பான லயத்து அறையை நிறைத்தது.

பூஞ்சண வாடை.

கொடியில் கம்பளி தொங்கிற்று. அதிலிருந்து செம்மண் நீர் சொட்டியது.

“குளுருதும்மா.”

குரல் அடுப்படியிலிருந்து வந்தது. கம்பளியை நோக்கி நீண்ட அம்மாக்கண்ணுவின் கை பாதியில் நின்றது.

“அது வேணாங் கண்ணு.”

“போத்தும்மா.”

அடுப்பைப் பார்த்தாள். அதை மூட்டவும் கை வரவில்லை. இரவிக்கையைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் குப்புறப் படுத்தாள்.

“வா, எம்மேல படுத்துக்க. அம்மா ஒடம்பு சூடாத்தான் இருக்கு.”

முதுகில் ஒரு சிறு பாரம் இறங்கிற்று.

ஈரமாக.

விடிந்ததும் வேலைக்கு அழைக்க வந்த பக்கத்து அறை ராசம்மா, வாசலிலேயே நின்றுவிட்டாள். கொடி வெறுமையாக இருந்தது. படுத்திருந்தவளின் முதுகில், இரண்டு சிறு உள்ளங்கைகளின் அளவில், விரல் விரலாய்ப் பூஞ்சணம் வெளுத்திருந்தது.

துடைக்கப்போன கையை அம்மாக்கண்ணு தடுத்தாள்.

“தொடாதீங்கக்கா. இப்பத்தான் ஒட்டிப் புடிச்சிருக்கு.”