மீதிப் பாதி யாரிடம்?

படியேறி வந்த வேகத்தில் அவளுடைய நீலப் பூப்போட்ட குடை, கதவருகே நின்றவனின் விலாவில் குத்தியது.

"ஐயோ, மன்னிச்சிருங்க..."

"பரவாயில்லைங்க. அந்தப் பக்கம் இன்னொரு விலா இருக்கு."

குழந்தைகள் வார்டு நர்சான அவளுக்கு, வலிக்காமலே அழுகிறவர்களைத் தெரியும். வலித்தும் கண்ணால் சிரிக்கிறவன் புதுசு...

அது மாலை நேர ஆங்கில இலக்கண வகுப்பு. பரீட்சையில் தேறினால் அவளுக்கு வார்டு பொறுப்பு. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு மேற்பார்வையாளர் வேலை. ஆசிரியைக்கு ஒரு விநோதப் பழக்கம். வாக்கியங்களைக் கத்தரித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். மீதிப் பாதி யாரிடம் இருக்கிறதோ, அன்று அவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

அவளுக்கு வந்தது 'இஃப் இட் ரெயின்ஸ்'. அவனுக்கு 'வீ வில் ஸ்டே ஹியர்'.

"மழை பெஞ்சா... நாம இங்கயே இருப்போம்," என்று ஒட்டிப் படித்தான். "என் துண்டு தனியாவே நிக்கும். உங்களோடது சார்பு வாக்கியம். ஆள் இல்லாம நிக்காது."

"ஆள் தேடி வந்து உட்கார்ந்தது நீங்கதானே?"

அவன் காது சிவந்தது.

அடுத்த வகுப்பிலும் அவனே. அதற்கடுத்ததிலும்... 'வென்', 'பிகாஸ்' என்று அவளுக்கு எது வந்தாலும் மீதி அவன் கையில். விதி போலும் என்று பூரித்துப்போனாள். விதி இல்லை, கூடப் படிக்கிற பேக்கரிக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"தம்பி என் மாவு மிஷினைச் சரி பண்ணிக் குடுத்துச்சும்மா," என்றார் அவர், துளியும் கூச்சமில்லாமல். "அதான் துண்டுகளை மாத்தி வாங்கிக் குடுத்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு, அவளுக்கு மட்டும் தெரியவில்லையா?

"நான் படிக்க வர்றேன். உங்களுக்குப் பொழுதுபோக இல்ல," என்றாள் அவனிடம்.

"சரிங்க. இனிமே மாத்தல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவி. அவளுக்கு வாய்த்தவர் உட்கார்ந்தபடி உறங்கும் ஓய்வுபெற்ற டிரைவர். கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் இல்லாத இடம்தான் நன்றாகத் தெரிந்தது...

கடைசி வகுப்பு. இனி பரீட்சை, அப்புறம் அவன் யாரோ, அவள் யாரோ. துண்டுகள் வந்தன. அவன் தன்னுடையதை முணுமுணுத்தான்... 'அன்டில் யூ கம்', நீ வரும்வரை. 'ஐ வில் வெயிட்', காத்திருப்பேன், பேக்கரிக்காரர் கையில்.

"அண்ணா... மாத்திக்கலாமா?" என்று அவரிடம் கிசுகிசுத்தாள் அவள்.

"சும்மாவேவா?" அவர் ஜன்னல் வழியே இருண்ட வானத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவன் பதறினான். "சத்தியமா நான் மாத்தலைங்க."

"தெரியும். படிங்க."

வகுப்பு முடிந்து இறங்கினால், கொட்டு கொட்டென்று மழை.

"உங்க குடை எங்க?"

தெருமுனையில் நீலப் பூக்களுக்குக் கீழே பேக்கரிக்காரர் ராஜநடை போட்டுக்கொண்டிருந்தார். அவன் குடையைப் பார்த்தான்... அவளைப் பார்த்தான்... அனிச்சையாக விலாவைத் தடவிக்கொண்டான்.

"எதுக்கு அவர்கிட்ட குடுத்தீங்க?"

"உங்க பக்கத்துல உட்காரத்தான்." மழையைப் பார்த்தபடியே சொன்னாள். "தனியா நிக்க எனக்குத் தெரியும். ஆனா பிடிக்கலை... உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

அவன் காது மறுபடி சிவந்தது.

"மழை... இப்போதைக்கு விடாது போலிருக்கே."

"விட வேண்டாமே," என்றாள் அவள். "நாம இங்கயே இருப்போம்."