கோடு வரை நிரம்பாத குழாய்

"எங்கம்மா ரத்தம் தண்ணியா பூட்ச்சாம்! இன்னா டெஸ்ட் பண்ணே நீ?"

செங்கற்பட்டு மருத்துவமனையொன்றின் ஆய்வுக்கூட வாசலில் நின்று முழங்கியவன் ஞானதாஸ். மாமல்லபுரம் பஸ்ஸின் கண்டக்டர். இரத்தம் சோதிக்கும் சாராள் நிமிர்ந்தாள்.

"குரலைத் தாழ்த்துங்க. இது பஸ் இல்லை."

"பஸ்ல கூட இவ்ளோ தப்பு நடக்காது, லேப் அம்மா!"

"என் சோதனை தப்பாது!" கதவு படாரென்று மூடிக்கொண்டது.

அவன் தாய் பாப்பம்மாளுக்குக் காலில் இரத்தம் உறைந்திருந்தது. அது பெருகாமல் தடுக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அன்று காலைச் சோதனையிலோ இரத்தம் உறைய மிக நீண்ட நேரமாயிற்று. "தலைவலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? கீரையை அடியோடு விட்டீங்களா?" என்று டாக்டர் துருவினார். இரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்யும் அவை இரண்டும் இல்லை. ஆயினும் மாத்திரையை நிறுத்தி வீட்டிற்கு அனுப்பிவிட்டார். மாத்திரை நின்றால் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கே ஏறலாம்...

சாராளுக்கு மனம் ஆறவில்லை. காலையில் பயன்படுத்திய குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரத்தம் கோட்டிற்கு ஒரு விரற்கடை கீழே நின்றது! குழாயில் முன்பே இட்டிருக்கும் மருந்துநீருக்கு ஏற்ற அளவு இரத்தம் சேராவிட்டால், உறையும் நேரம் பொய்யாக நீளும். அது அவளுக்குத் தெரியாததா?

காலையில் பாப்பம்மாளுக்கு ஊசி குத்தும்போது ஞானதாஸ், "அம்மா, கொசு கடிக்குதுன்னு நெனச்சுக்கோ... நம்ம ஊர் கொசு இதவிடப் பெர்சு!" என்று சிரித்தான். அவளும் நிமிர்ந்து பார்த்தாள்... கை ஊசியை முன்னதாகவே உருவிவிட்டது.

கண்களை மீன் என்றும் வேல் என்றும் எழுதிக் குவிப்போர் குவிக்கட்டும். ஞானதாசின் கண்கள் கண்களாகவே இருந்தன. அவள் வேலையைக் கெடுக்க அதுவே போதுமாயிருந்தது.

டாக்டரிடம் தவற்றை ஒப்புக்கொண்டாள். காரணத்தை மட்டும் விழுங்கிக்கொண்டாள். வசைக்குப் பின், மறுபடி இரத்தம் எடுக்க அனுமதி கிடைத்தது. கொட்டும் மழையில் ஓடி, பிற்பகல் பஸ்ஸில் ஏறினாள்.

"எங்க போவணும்?" சீட்டைக் கிழித்தபடியே கேட்டான் அவன்.

"உங்க வூட்டுக்கு."

பஸ் முழுதும் திரும்பிப் பார்த்தது. அவன் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"தப்பு என்மேலதான். அம்மாவுக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும்," என்றாள் தலைகுனிந்து.

மாமல்லபுரத்தில், கடலிரைச்சல் கேட்கும் அச்சிறு வீட்டில், பாப்பம்மாள் கையை நீட்டினாள்; உடனே மடக்கிக்கொண்டாள்.

"டேய் ஞானம், நீ வெளிய நில்லு. காலைல எனக்கென்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?"

சாராள் சிவந்தாள். குழாய் கோடு வரை நிரம்பியது.

அதே பஸ்ஸில் திரும்பி, அந்தி மயங்குமுன் சோதித்தாள். மருந்து மிகவில்லை, சரியான அளவிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. மாத்திரை தொடரட்டும் என்றார் டாக்டர்.

ஆய்வுக்கூட வாசலில் ஞானதாஸ் காத்திருந்தான். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது.

"உன் கை தப்பவே தப்பாதுன்றாங்க... காலைல மட்டும் இன்னா ஆச்சு?"

மழை நின்றிருந்தது. பொய் சொல்ல ஒரு கணம் நாவெழுந்தது... ஒருநாளில் ஒரு பொய்க்கணக்கே போதும் என்று தோன்றியது.

"நீங்க சிரிச்சீங்க... நான் பார்த்துட்டேன்."

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகிக்கொண்டான். பிறகு, "அப்போ அடுத்த வாட்டி அம்மாவ இட்டுகினு வந்தா, நான் வெளியவே நிக்கட்டா?"

"உள்ளேயே நில்லுங்க. சிரிக்காம நில்லுங்க."

"அது எப்டி முடியும்? அந்தக் கொசு ஜோக்கு அம்மாவுக்கா சொன்னேன்...?"