சிரிப்பு முகத்தை அமுக்கிய திருடன்

திங்கட்கிழமை, காலை 10.20. பேராக் மாநிலத்துச் செமோர் போலீஸ் நிலையத்தில் புஷ்பலதா கொடுத்த புகார் நாலே வரிதான். வீட்டில் இருந்த கைப்பேசி திருட்டுப் போய்விட்டது. போய் ஒன்பது நாள் ஆகிறது. பக்கத்திலேயே கிடந்த தங்கச் சங்கிலியைத் திருடன் தொடவில்லை. சார்ஜரையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

சார்ஜன் தினேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தார். தங்கத்தை விட்டுவிட்டு மலிவான கைப்பேசியை எடுத்துப் போகும் திருடனைப் பதினாறு வருட வேலையில் அவர் பார்த்ததில்லை.

"ஏன்க்கா இவ்வளவு நாள் கழிச்சு வாரீங்க?"

"தொலையவே இல்லன்னு சொல்லிட்டாங்க லா. ஆபீஸ்ல கேட்டேன். போன் தெனமும் பதில் சொல்லுது, வீட்ல நல்லாத் தேடிப் பாருங்கன்னாங்க. மகன் என்னடான்னா, ஒங்களுக்கு ஞாபகம் போயிருச்சும்மாங்கிறான்."

தொலைந்த போன் பதில் சொல்கிறதாம். தினேஸ்வரிக்கு அன்றைக்கு மூன்று கோப்புகள் மேசையில் காத்துக்கிடந்தன. மூன்றையும் ஓரமாகத் தள்ளினார்.

பிற்பகல் 2.15. புஷ்பலதா சொன்ன ஆபீஸ் ஈப்போவில் இருந்தது. அங்கே முனைவர் மதீசன் ஒரு மனநல ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். மூடிப்போன ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவந்த முப்பது பேருக்கு ஒரே மாதிரி கைப்பேசி கொடுத்திருந்தார். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் அது மணியடித்து, இப்போது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள் வரும். ஒன்றை அமுக்க வேண்டும். அழுகிற முகத்தைத் தொடர்ந்து மூன்று நாள் அமுக்கினால் ஈப்போவிலிருந்து ஆட்கள் வீடு தேடி வருவார்கள். அதை எல்லாரையும் மண்டபத்தில் உட்காரவைத்து, திரையில் படம் போட்டு விளக்கியிருந்தார்.

புஷ்பலதாவின் கணக்கை மதீசன் திறந்து காட்டினார். வியாழன், அழுகிற முகம். வெள்ளி, அழுகிற முகம். சனிக்கிழமை மாலை 7.10-க்குச் சிரிப்பு முகம். அதிலிருந்து நேற்று வரை ஒன்பது நாளும் சிரிப்புதான். பாவம் மனிதர், செயலி வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாக அதை அடுத்த மாத மாநாட்டுக் கட்டுரையிலேயே சேர்த்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஆறரையிலிருந்து எட்டு வரை புஷ்பலதா கோயிலில் இருந்ததையும், திரும்பி வந்தபோது போன் இல்லாததையும் தினேஸ்வரி சொன்னார். மதீசனின் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப அந்தம்மா உண்மையில எப்படி இருக்காங்கன்னு ஒன்பது நாளா எங்களுக்குத் தெரியாது," என்றார்.

போன் போனது பெரிய விஷயமில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் அமுக்கியிருந்தால் அந்தப் பெண்மணியைப் பார்க்க யாராவது வந்திருப்பார்கள். திருடன் அதைத்தான் தடுத்திருந்தான்.

போன் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. இருக்கும் இடத்தைக் கண்காணிக்க மாட்டோம் என்று ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒன்று மட்டும் பதிவாகியிருந்தது. நாலு எண் ரகசியக் குறியை ஒன்பது நாளும் முதல் தடவையிலேயே சரியாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் குறி ஆபீசுக்கும் தெரியாது. மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், மாற்றியதும் பதிவாகும். யாரும் மாற்றவில்லை.

வீட்டுப் பூட்டு உடையவில்லை. மாற்றுச் சாவி ஜன்னலுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவது மூன்று பேருக்குத் தெரியும். வாரா வாரம் வந்துபோகும் ஆய்வு உதவியாளர் தர்மா, லகாட்டில் இருக்கும் மகன் தேவன், பக்கத்து வீட்டுக்காரப் பெண்மணி பாப்பா.

தர்மாவுக்குக் காரணம் இருந்தது. முடிவு நன்றாக வந்தால்தான் அடுத்த வருடமும் வேலை. ஆனால் போனைத் திறக்கும் எண் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். தேவனைப் பற்றி ஒரு கதையும் சொன்னார். போன மாதம் அம்மாவின் போனைத் திறக்கப் பார்த்து, அம்மா பிறந்த வருடம், தான் பிறந்த வருடம், வீட்டு நம்பர் என்று எல்லாவற்றையும் போட்டு, கடைசியில் அது அரை மணி நேரம் பூட்டிக்கொண்டதாம். தேவனைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டதற்கு, வெட்கத்தோடு ஆமாம் என்றார்.

மாலை 5.30. பாப்பா தேநீர் கொடுத்தார். அவரும் ஆய்வில் இருந்தார். அதே போன், அதே சார்ஜர். தோட்டத்தில் பத்தொன்பது வருடம் புஷ்பலதாவோடு வேலை செய்தவர். போன் விஷயம் தனக்கு ஒன்றும் தெரியாது, எண்ணெல்லாம் ஞாபகத்தில் நிற்காது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் மணியடித்தது. கண்ணாடிகூடப் போடாமல் கட்டை விரலால் பூச்சியம், நாலு, ஒன்று, எட்டு என்று தட்டித் திறந்து, சிரிப்பு முகத்தை அமுக்கினார்.

தினேஸ்வரி தேநீரைக் குடித்து முடித்து, பக்கத்து வீட்டுக்குப் போய் புஷ்பலதாவின் எண்ணைக் கேட்டார். பூச்சியம், நாலு, ஒன்று, ஏழு.

மாலை 6.40. மதீசனும் வந்து சேர்ந்த பிறகு, பாப்பாவைப் புஷ்பலதாவின் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"தோட்டத்துல ஒங்க பெரட்டு நம்பர் என்னக்கா?"

பாப்பா யோசிக்கவே இல்லை. "நானூத்திப் பதினெட்டு," என்றார். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

காலையில் ஆள் கணக்கெடுப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். கணக்கெழுதும் கிராணி பேர் சொல்ல மாட்டார், நம்பர்தான். தினேஸ்வரி விளக்கினார். சார்ஜரை விட்டுப்போன திருடனிடம் அதே சார்ஜர் இருந்திருக்க வேண்டும். மகனுக்கே தெரியாத எண் அந்தத் திருடனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் ஒவ்வொரு காலையும் தன் நம்பருக்கு முன்னால் புஷ்பலதாவின் நானூற்றுப் பதினேழைக் கேட்டவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாப்பா எழுந்து தன் வீட்டுக்குப் போய், அரிசி டின்னிலிருந்து போனை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு நாள் அழுற மொகத்த அமுக்குனா. ரெண்டு தடவையும் நான் வாசல்ல நின்னு பாத்தேன். மூணாவது நாளும் அமுக்குனா ஈப்போலேருந்து வந்துருவாங்கன்னு இவருதான் சொன்னாரு. வந்து எங்க கொண்டுபோவாங்க? தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தானே?"

பேராக்கில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். யாரையாவது பைத்தியம் என்று கேலி செய்ய அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் போதும். மதீசனும் ஈப்போவில் வளர்ந்தவர்தான். மண்டபத்தில் அத்தனை படம் போட்டவருக்கு இது தோன்றவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். இதை எழுதும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

புஷ்பலதா போனைத் தொடவில்லை.

"அவங்க வரணும்னுதான் அமுக்குனேன்," என்றார். "வீட்டுக்காரரு போயி எட்டு மாசம். பதினாறாம் நாளோட எல்லாரும் போயிட்டாங்க. மூணு நாள் அமுக்குனா யாராச்சும் வந்து, பக்கத்துல ஒக்காந்து, என்னம்மான்னு கேப்பாங்கன்னு நெனைச்சேன்." பாப்பாவைப் பார்த்தார். "நீ செவத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்த. நீயே கேட்டிருக்கலாம்லா."

தினேஸ்வரி புகாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதீசனுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினார்கள்.

உள்ளே பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சொல்லுடி," என்றார்.