தொலையாத சீட்டு

"சீட்டு எங்கேடி?"

தையல்காரியின் கணவன் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நொறுங்காதது அதிசயம்! ஒன்பது மணிக்கு மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. அனுமதிச் சீட்டு இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

"இதோ... இங்கதாங்க வச்சேன்..."

தையல்காரி அலமாரியைத் திறந்தாள். பொத்தான் அறுந்த சட்டையொன்று கண்ணில் பட்டது. ஊசி எடுக்கப் போனாள். வழியில் செடி வாடிக் கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் போனாள். அடுப்பில் பால் பொங்கி வெள்ளமாய் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்து முடிப்பதற்குள், எதைத் தேட வந்தோம் என்பது தேவரகசியமாகிவிட்டது! தையல் மெஷினில் உட்கார்ந்தால் மட்டும், பசி தாகம் மறந்து ஒரே மூச்சில் நாற்பது சீருடை தைத்துத் தள்ளுவாள்.

"காத்தாடி சுத்த ஆரம்பிச்சாச்சு!" நாத்தனார் கைப்பையை மாட்டிக்கொண்டாள். "போதும் அண்ணி. அம்மா இனிமே எங்க வீட்லயே இருக்கட்டும். சொட்டு மருந்தை உங்களை நம்பிக் கொடுத்தா, கண்ணுல விடாம காதுல விட்டுடுவீங்க!"

"ஐயோ, அத்தையை அனுப்பிடாதீங்க..." தாயில்லாமல் வந்தவளுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே மடி அது. "போன மாசம் டாக்டரைப் பார்த்தேங்க... ஏடிஎச்டியாம், கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறாம். சின்ன வயசுலேர்ந்தே இருக்காம். அக்கறை இல்லாததால வர்றதில்லைன்னு அவங்களே சொன்னாங்க..."

"மறதிக்கு ஒரு பட்டம் வேறயா?" கணவன் சிரித்தான். "பதினெட்டு வருஷமா உன் மன்னிப்பைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு!"

"வாயை மூடுடா!"

கட்டிலிலிருந்து மாமியார் போட்ட அதட்டல் அது. தலையணை உறைக்குள் கையை விட்டு, கசங்கிப்போன சீட்டை வெளியே இழுத்தாள்.

"கண்ணுல கத்தி வைப்பாங்களேன்னு பயந்து நான்தான்டா ஒளிச்சு வச்சேன்! காணோம்னா எல்லாரும் இவளைத்தான் திட்டுவீங்க, என்னை யாரும் கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சே செஞ்சேன்... பாவி நான்!"

"நீங்களுமா அத்தை...?"

மாமியார் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். இருவர் கண்ணீரிலும் தோள்கள் நனைந்தன.

"இவ கூட வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன். மருந்தும் இவதான் விடணும்!"

நாத்தனார் சத்தமில்லாமல் கைப்பையைக் கழற்றி வைத்தாள். கணவன் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

"மன்னிச்சிடு..."

தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க சொன்னீங்க? எனக்குத்தான் கவனம் பத்தாதே... இன்னொரு தடவை, சத்தமா சொல்லுங்க!"