பிரிட்ஜ் பெட்டிக் கப்பல்

"இந்தப் பெட்டியை நான் அப்பவே சொல்லி வச்சுட்டேன்."

"நானும்தாங்க சொல்லி வச்சேன்."

பிரிட்ஜ் கடையில் இருந்ததோ ஒரே ஒரு காலி அட்டைப்பெட்டி. ஒரு முனை ஓய்வுபெற்ற நர்ஸம்மா கையில், மறுமுனை நரைத்த மீசைக்காரர் கையில். வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது.

"லீவுக்குப் பேரப்பிள்ளைங்க வராங்க. வீட்டுலயே கடல் முகாம். இதுதான் கப்பல்."

"என் பேத்திங்களுக்கு விண்வெளி முகாம். இதுதான் ராக்கெட்."

அவள் முறைத்தாள். அவர் கண்கள் மட்டும் சிரித்தன... மழைக்கு ஒதுங்கிய பிள்ளையின் கண்கள்.

"படுக்க வச்சா கப்பல், நிமிர்த்தினா ராக்கெட். உங்க பிள்ளைங்க முதல்ல ஆடட்டும். அப்புறம் நான் எடுத்துக்கறேன்."

இப்படிப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாளிலிருந்து கப்பல் செய்ய உதவுவதற்காக அவள் வீட்டுக்கு அவர் வந்தார். பஸ் ஓட்டிக் காய்த்துப்போன கை, பெட்டியில் வட்ட ஜன்னல்களை வெட்டியது. அவள் நீலம் பூசினாள். கணவர் போன பிறகு வாயடைத்துக் கிடந்த கூடம் கலகலத்தது. அவர் வரும் நேரத்துக்கு அவள் தலைவாரிக்கொண்டாள். இந்த வயசில் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டியும் கொண்டாள்.

அன்று வீடியோவில் மகன் கூப்பிட்டான். "பின்னாடி யாரும்மா?"

அவளுக்கு நாக்கு பிறழ்ந்துவிட்டது. "கூலிக்கு வந்த ஆளுப்பா."

அவர் தரையில் கிடந்த அட்டைத் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். "வேலை முடிஞ்சுதுங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகள் வந்தார்கள், கப்பலில் கும்மாளமிட்டார்கள். அவள் கண் வாசலிலேயே கிடந்தது. போய் ஒரு வார்த்தை சொல்ல வறட்டுக் கௌரவம் விடவில்லை. பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகுதான், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

"உங்க பேத்திங்க...?"

"நேத்து கிளம்பிட்டாங்க. லீவு பூரா டிவி பார்த்தாங்க. எனக்கு எதுலயும் மனசு ஓடல."

அந்தக் குழந்தைகளின் கோடையையும் அல்லவா தின்றுவிட்டது அந்த ஒரு வார்த்தை!

"என் பையன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்."

"என்ன உண்மை?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குன்னு... அவன் போனை வச்சுட்டான். வச்சா வைக்கட்டும்."



"எனக்கும் பிடிச்சிருந்ததுங்க," என்றார். "இல்லேன்னா கூலி ஆளுன்னு சொன்னது எனக்கு ஏன் வலிக்கப்போகுது?"