கசிவு எங்கே, நடேசன்?

"அய்யோ... என் இடுப்பு!"

அலறியபடியே ஜகதீசன் கேரம் போர்டின் மேல் சரிந்தார். காய்கள் ஹால் முழுக்கச் சிதறின.

எதிரே ஸ்ட்ரைக்கரோடு உட்கார்ந்திருந்த நடேசன் சிரித்தார்.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சா இப்படியா மாப்பிள்ளை?"

ஜகதீசனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

நடேசனின் சிரிப்பு பாதியில் நின்றது!

தங்கை புருஷனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் நடேசன்தான். ஆறு நாள் வார்டு வாசலில் பழியாய்க் கிடந்தவரும் அவர்தான்.

மாப்பிள்ளை வீடு திரும்பிய மறுநாள்... போன்!

"அல்வால் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து எஸ்.ஐ. ஷர்மிளா பேசறேன். உங்க தங்கச்சி விஜயகுமாரி புகார் கொடுத்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரை நீங்க விலாவுல குத்தினீங்களாம்!"

"யாரு... எங்க விஜியா?"

"ஹவ், அவங்கதான். உடனே கிளம்பி வாங்க."

ஸ்டேஷனில் ஷர்மிளா ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தட்டினாள்.

"இடது கிட்னியைச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. குத்தாம எப்படிங்க கட்டும்?"

"நான் தொடவே இல்லை மேடம்! நடுவுல கேரம் போர்டு இருந்துச்சு!"

"கைக்கு கத்துறீங்க?" உருது கலந்து கேட்ட ஷர்மிளா தமிழுக்கு மாறினாள். "ஏன் கத்துறீங்கன்னு கேட்டேன். விளையாட்டுல தகராறாமே?"

"கேரம்ல தகராறு வராத வீடு எது மேடம்?"

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு வந்தது. நடேசனுக்கு வரவில்லை. கைதானால் சனத்நகர் ஒர்க்ஷாப்பில் இருபத்தாறு வருட ஃபிட்டர் வேலை காலி. அதைவிட... கூடப் பிறந்தவளே இப்படிச் சொல்லிவிட்டாளே!

ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். ரத்தக் கசிவுக்குக் காரணம் தெரியவில்லை என்ற கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"மேடம்... ஒரு மெஷின்ல ஆயில் கசிஞ்சு மேலெல்லாம் வழிஞ்சிருந்தா, அப்ப விரிசலைத் தேடினா கிடைக்காது. துடைச்சிட்டுத்தான் பார்க்கணும்."

"அதுக்கு?"

"ரத்தம் வத்தினதும் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க. கோளாறு நான் பண்ணினதா, உள்ளேயே இருந்ததான்னு தெரிஞ்சுடும்!"

ஷர்மிளா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு ஜகதீசனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹர்ஷிதாவுக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"யாருங்க அந்த ஃபிட்டர்? எங்க டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பி வைங்க!" என்றாள் டாக்டர். "நானும் அதையேதான் சொன்னேன். அடிபடாம கிட்னியைச் சுத்தி ரத்தம் கசிஞ்சா, பின்னால கட்டி ஒளிஞ்சிருக்கலாம். கேன்சராக்கூட இருக்கலாம். முதல் ஸ்கேன்ல அந்த ரத்தமே அதை மறைச்சிடும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்கன்னேன். பேஷன்ட் நக்கோன்னுட்டார்... முடியாதாம்!"

"இனி முடியும் டாக்டர். கேஸுக்கு வேணும்!"

இரண்டு மாதம் நடேசன் சரியாகத் தூங்கவில்லை.

ஸ்கேன் அன்று ஜகதீசன் தலைக்கு டை அடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல விஜயகுமாரியோடு வந்தார். ஷர்மிளாவும் வந்திருந்தாள்.

"உங்களை உள்ள தள்ளத்தான் வந்தேன் மச்சான்!"

"முதல்ல மெஷினுக்குள்ள நீங்க போங்க மாப்பிள்ளை. நான் குத்தினதா உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை. ஆனா விஜி சொன்னா சரியாத்தான் இருக்கும்!"

ஒரு மணி நேரம்.

டாக்டர் ஹர்ஷிதா வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"ரத்தம் வத்திடுச்சு. ஒளிஞ்சிருந்தது மாட்டிக்கிச்சு. மூணு சென்டிமீட்டர் கட்டி. கேன்சர் மாதிரிதான் தெரியுது."

ஜகதீசன் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. வெளியே பரவலை. சீக்கிரமே எடுத்துடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா..."

தான் தப்பித்ததே நடேசனுக்கு உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் தங்கை பக்கம் திரும்பினார்.

"நான் குத்தினதை நீ எப்படிடி பார்த்தே?"

"பார்க்கலையே!"

"என்னது?!"

"டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்? இவர் கால்ல விழாத குறையா கெஞ்சினேன். அசையலை. போலீஸ் கூப்பிட்டா வந்துதானே ஆகணும்? அதுவும் பழி உன் மேல விழுந்தா, நீ காரணத்தைக் குடைஞ்சு எடுக்காம விடமாட்டே."

"நான் ஜெயிலுக்குப் போயிருந்தா?"

விஜயகுமாரியின் கண்கள் நிறைந்தன.

"உன்னை ஜெயில்ல வந்து பார்த்துக்கலாம்ணா... இவரை நான் எங்க போய்ப் பார்ப்பேன்?"

ஷர்மிளா தொண்டையைக் கனைத்தாள்.

"பொய்ப் புகார் கொடுத்தா உள்ள வெச்சுடுவேன்... தெரியுமாம்மா?"

விஜயகுமாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"தாராளமா வைங்க மேடம். இவருக்கு ஆபரேஷன் முடியட்டும், நானே வந்துடறேன். அதுவரைக்கும்... எங்க அண்ணனையே வெச்சுக்கோங்க!"