கையால் இறுக்கிய நட்

மூன்றரை மணிக்கு டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போன வைத்தீஸ்வரனின் கையோடு டீப் பாத்திரத்தின் கைப்பிடி கழன்று வந்தது. அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை, பிழைத்தார். தரையில் உருண்ட ஸ்க்ரூவைக் குனிந்து எடுத்தார். அதன் தலையில் கடுகளவு சந்தனம், நடுவில் குங்குமம்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆயுத பூஜை வந்தால் மனைவி பாலாம்பாளிடமிருந்து அரிவாள்மனை, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எதுவும் தப்பாது. ஒரு வருஷம் டி.வி. ரிமோட்டுக்கே பொட்டு வைத்தவள். ஆனால் அவள் பெங்களூரில் மகள் சின்மயி வீட்டுக்குப் போய் நாலு நாளாகிறது. பூஜை முடிந்து பன்னிரண்டு நாள். காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டிய சந்தனம் அவர் விரலில் ஈரமாக ஒட்டியது.

முகர்ந்து பார்த்தார். சந்தன வாசனைக்கு அடியில் மண்ணெண்ணெய் போல ஒன்று. ஹேங்கரில் முப்பத்தொரு வருஷம் மூச்சு விட்டவருக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹெலிகாப்டருக்கு ஊற்றுகிற எரிபொருள். சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும், தெரியாத மாதிரி கையைக் கழுவிக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரைத் தேட அலுப்பாக இருந்தது. இப்போதைக்கு என்று விரலாலேயே திருகி வைத்துவிட்டு, டீயும் வேண்டாம் என்று ஹாலுக்கு வந்தார்.

இரும்புலியூரில் காலையிலிருந்தே மழை. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய இருட்டு. மேஜையில் லாப்டாப் திறந்திருந்தது. ஆறு மணிக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டும், கடைசிப் பத்திதான் பாக்கி.

வாடகைக்கு ஹெலிகாப்டர் விடும் ஒரு தனியார் கம்பெனியில் வைத்தீஸ்வரன் தர ஆய்வுத் தலைவர். மெக்கானிக் ஒரு முக்கியமான வேலையை முடித்தால், இரண்டாவது ஆளாகப் போய்த் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் பிழைப்பு. பூஜைக்கு மறுநாள் கம்பெனி ஹெலிகாப்டர் ஒன்று கடலில் விழுந்த விபத்து எப்படி நடந்தது என்று துருவி, விசாரணைக் குழுவுக்குக் கம்பெனி தரப்பு அறிக்கை எழுதும் வேலையையும் முதலாளி அவர் தலையில்தான் கட்டியிருந்தார். திருடனையே ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்த்திய கதை. முதலாளிக்கு அது தெரியாது. வைத்தீஸ்வரனுக்குத் தெரியும்.

ஆயுத பூஜை அன்று மாலை ஹேங்கர் முழுக்கப் பொரியும் பொட்டுக்கடலையும். ஸ்பானர்களைக் கழுவித் துடைத்து, சிவப்புத் துணியில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. அப்போதுதான் மெக்கானிக் உதயா தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். வால் விசிறியைத் திருப்புகிற கம்பியை மாட்டிவிட்டானாம். நட்டைக் கையால்தான் முடுக்கியிருக்கிறானாம். அளவு பார்த்து இறுக்கும் ஸ்பானர் பூஜையில் இருக்கிறது. நட் சுழலாமல் தடுக்கும் பின்னும் போடவில்லை.

"கையெழுத்து நாளைக்குப் போட்டுக்கறேனே சார்."

"நல்ல நாளும் அதுவுமா பாக்கி வைக்காதே. ரெண்டு பேரும் போட்டுடலாம். காலைல ஆறு மணிக்கு நானே வந்து இறுக்கிப் பின்னைப் போட்டுடறேன்," என்றார் வைத்தீஸ்வரன். போட்டார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய ஹெலிகாப்டரை, வாடகைக்கு எடுத்த புதுச்சேரிக்காரர்கள் அவசரப்படுத்தி ஆறரைக்குக் கேட்டார்கள். தாளில் இரண்டு கையெழுத்தும் இருந்ததால் பைலட் பிரிட்டோ வெளியே எடுத்துவிட்டார். அவரோடு போக வேண்டிய உதயா போனில் கேட்டான்: "சார், நீங்க வந்து அந்த நட்டப் பாத்துட்டீங்களா?"

வைத்தீஸ்வரன் அப்போது குன்றத்தூர் மலை மேலே, முருகன் சந்நிதியில், கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தார். விஜயதசமி தரிசனத்தை முடித்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தார். பக்கத்தில் பாலாம்பாள். குருக்கள் தீபத்தோடு வந்துகொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். புதுச்சேரிவரை தாங்கும் என்று நினைத்தார்.

"அஞ்சே முக்காலுக்கே வந்து முடிச்சுட்டேன் உதயா. நீ ஏறு."

அவன் ஏறினான். கோவளத்துக்கு நேரே கடல் மேல் வால் விசிறி பேச்சுக் கேட்காமல் போனது. மூன்று சுற்று சுற்றி விழுந்தது என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எண்ணிச் சொன்னார்கள். அவர்கள்தான் இரண்டு உடல்களையும் படகில் கொண்டு வந்தார்கள். உதயாவின் விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை. அதை வைத்தீஸ்வரன் கிட்டத்தில் நின்று பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

லாப்டாப்பில் அவர் எழுதி வைத்திருந்த வரி இது: 'ஆய்வு முடிந்த பிறகு, அனுமதியின்றி மெக்கானிக் அந்த நட்டை மீண்டும் கழற்றியிருக்கக்கூடும்.' படிக்கப் படிக்கக் காது சுட்டது. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்று ஒரு மனம் சொன்னது. அப்படிச் சொல்லும் மனம் தனக்கு இருப்பதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மூக்குக்கண்ணாடியின் ஒரு காது கழன்று கீபோர்டில் விழுந்தது.

அந்தப் பொடி ஸ்க்ரூவிலும் சந்தனம். ஈரம்.

அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். எழுந்துபோய் அதை நிறுத்தினார். ஃபேன் நின்றதும் மழையின் இரைச்சலும், தூரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளும், அவற்றுக்கு நடுவே வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு சத்தமும் கேட்டது. மெல்லிய கிர்ர். அரைச் சுற்று. நிற்கும், பிடி மாறும், மறுபடி அரைச் சுற்று. ஸ்பானர் போட்டால் இப்படிக் கேட்காது. மரையில் ஏறிய நட்டை யாராவது விரலால் திருகினால்தான் இப்படி விட்டு விட்டு வரும்.

சத்தம் வந்த பக்கம் போனார். ஜன்னல் கொக்கி ஆடியது, பொட்டு இருந்தது. குளியலறைக் குழாயின் தலை கையோடு வந்தது, பொட்டு இருந்தது. பூஜை அலமாரியின் கீலில் நாலு ஸ்க்ரூ, நாலு பொட்டு. அவர் போகும் இடத்தில் சத்தம் நின்றுபோய், விட்டுவந்த இடத்தில் ஆரம்பித்தது. வீடு முழுக்க சந்தனமும் எரிபொருளும் உப்புத் தண்ணீரும் கலந்த வாசனை. வியர்வை பின்கழுத்தில் இறங்கியது. வியர்வை என்றுதான் நினைத்தார்.

காலிங் பெல் அடித்தது. யாரோ ஒரு மனித உயிர் வந்ததே என்று ஓடிப்போய்த் திறந்தார். குடையை மடக்கிக்கொண்டு ஒரு இளம்பெண். சுடுகாட்டு வாசலில் தள்ளி நின்று பார்த்த முகம்.

"சார், நான் உதயா வூட்டுக்காரி, ஜெயஸ்ரீ."

"உள்ள வாம்மா."

"இல்ல சார், காலெல்லாம் சேறா கீது. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்." குடையின் நுனியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்கு ஏறுறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாரு. சார் பாத்துட்டாராம், சாயங்காலம் வந்துடறேன்னாரு. சார் பாத்துட்டாருன்னா அவருக்கு அதுக்கு மேல பேச்சே கெடையாது. இப்ப ஏரியால இன்னா பேசிக்கறாங்கன்னா, உதயா சரியா முடுக்கல, அதான் ரெண்டு உசுரு போச்சுன்றாங்க. என் மாமியார் வெளிய தலை காட்டறதில்ல. நீங்க நெஜமாவே பாத்தீங்களா சார்?"

இல்லை என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. "பார்த்தேம்மா," என்றார்.

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்தது."

"அப்ப அவரு மேல எப்டி சார் தப்பு வரும்?"

உள்ளே சத்தம் நின்றிருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

"நான் பார்த்ததுக்கு அப்புறம் அவன் மறுபடி கழட்டியிருக்கலாம். நான் பக்கத்துல இல்லையேம்மா."

ஜெயஸ்ரீ முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "அவரு கழட்ட மாட்டாரு சார்," என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்த அவர் பக்கவாட்டில் திரும்பியபோது, "உங்க கழுத்தாண்ட சந்தனம் வழியுது சார்," என்றாள். குடையை விரித்துக்கொண்டு மழையில் போய்விட்டாள்.

அவர் கழுத்தைத் தொடவில்லை. நேரே லாப்டாப் முன் உட்கார்ந்தார். அந்த வரியை அழித்தார். 'நான் பார்க்கவில்லை' என்று அடித்தார். இரண்டு சொல். கோவணம்கூட இல்லாமல் தெருவில் நிற்பது போல இருந்தது. சின்மயி படிப்பாள். மாப்பிள்ளை படிப்பார். குன்றத்தூர் சந்நிதியில் அவர் பொய் சொன்ன இடத்துக்கு ஒரு அடி தள்ளி நின்ற பாலாம்பாள் படிப்பாள். இரண்டு சொல்லையும் அழித்துவிட்டு, பழைய வரியை எழுத்துப் பிசகாமல் திரும்ப அடித்தார். ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினார்.

வீடு அமைதியாக இருந்தது. சத்தம் இல்லை. வாசனையும் விட்டிருந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டார்.

குளியலறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றார். பின்கழுத்தைப் பார்க்க, வேலைப் பையிலிருந்த ஆய்வுக் கண்ணாடியை எடுத்து வந்திருந்தார். நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடி. கண் எட்டாத மூலையில் நட் இறுகியிருக்கிறதா, பின் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. அன்று காலை அதைக் கையிலே எடுத்திருந்தால் போதும்.

பின்னால் பிடித்தார்.

முதுகெலும்பு தலையில் சேருகிற இடத்தில் ஒரு வட்டம். சந்தனம். நடுவில் குங்குமம். ஈரம்.

துடைத்தார். போகவில்லை.

கிர்ர்.

இந்தத் தடவை வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. காதுக்கு உள்ளேயிருந்து வந்தது.

இரண்டு கன்னத்திலும் விரல்கள் பதிந்தன. குளிர்ந்த விரல்கள். வெளுத்து, சுருங்கி. நகக்கண்ணில் கிரீஸ்.

"உதயா," என்றார். "நான் பார்க்கலப்பா. நான் பார்க்கல."

தலை இடது பக்கம் திரும்பியது. நட்டைக் கழற்றுகிற பக்கம். வலிக்கவில்லை. எண்ணெய் போட்ட மரை போல வழுக்கிக்கொண்டு போனது. குழாய் கடந்தது. துண்டு தொங்கும் ஆணி கடந்தது. தோள் கடந்தது.

நின்றது.

எதிரே குளியலறைக் கதவு. அதற்கு முதுகைக் காட்டித்தான் அவர் நின்றிருந்தார். இப்போதும் அப்படியேதான் நின்றிருந்தார்.

அரைச் சுற்று.

கோவளத்தில் எண்ணியவர்கள் மூன்று சுற்று என்று சொல்லியிருந்தார்கள். ஈர விரல்கள் அவர் கன்னத்தை விட்டு, பிடியை மாற்றிக்கொண்டு, மறுபடி பதிந்தன.